பிரேக்கிங் பேடா, சோப்ரானோஸா, ஷீல்டா? ஒண்ணே ஒண்ணுனா எத பாக்கறது

சித்தி பையன் மழைல பைக்க வழுக்கவிட்டு கணுக்கால ஒடச்சிக்கிட்டு படுத்திருக்கான், ஆறு வாரம் கால கீழ ஊனக்கூடாதுனு டாக்டர் சொல்லிட்டாரு. ரெண்டாவது நாளே போன். "ண்ணா, ஹீரோவே அயோக்கியனா இருப்பானே, அந்த மாதிரி நல்ல சீரிஸ் ஒண்ணு சொல்லுண்ணா, லிஸ்ட் எல்லாம் வேணாம், ஒண்ணே ஒண்ணு போதும்"னான். எனக்கு டக்குனு மூணு பேர் வந்துச்சு, மூணுல எதுனு சொல்ல வாய் வரல, நாளைக்கு சொல்றேன்டானு வெச்சிட்டேன். அப்புறம் ரெண்டு நாள் அதையே யோசிச்சிட்டு இருந்தேன், பொண்டாட்டி கூட என்ன ஆபீஸ்ல ஏதாவது பிரச்சனையானு கேட்டா.

அந்த யோசனையதான் இங்க எழுதறேன், இதே கேள்வியோட நெறைய பேர் இருப்பீங்க. கதைய கொஞ்சம் சொல்லிதான் ஆகணும், ஆனா மூணுலயும் பெரும்பாலும் முதல் அஞ்சு எபிசோடுக்குள்ள நடக்கறததான் சொல்லுவேன், முடிவு எதையும் தொடமாட்டேன். அதுவும் தெரியக்கூடாதுனு நெனைக்கறவங்க இப்பவே எந்திரிச்சு போய் பிரேக்கிங் பேட் போட்டுடுங்க, என் பதில் அதுதான். ஏன்னு தெரியணும்னா மேல படிங்க.

முதல்ல கணக்கு. பிரேக்கிங் பேட் 2008ல இருந்து 2013 வரைக்கும் ஏஎம்சி சேனல்ல வந்துச்சு, 5 சீசன், 62 எபிசோடு, எல்லாம் சேத்து சுமாரா 49 மணி நேரம். சோப்ரானோஸ் எச்பிஓல 1999ல ஆரம்பிச்சு 2007ல முடிஞ்சுது, 6 சீசன், 86 எபிசோடு, ஒவ்வொண்ணும் ஒரு மணி நேரத்துக்கு கொஞ்சம் கம்மி, அதனால 75 மணி நேரம் பக்கம் ஆகும். தி ஷீல்ட் எஃப்எக்ஸ்ல 2002 டு 2008, 7 சீசன் 88 எபிசோடு, முக்கால் மணி நேர எபிசோடுங்கறதால 66 மணி நேரம்னு வெச்சிக்கலாம். படுத்திருக்கறவனுக்கு இந்த கணக்கு முக்கியம், ஏன்னா 42 நாள்ல பிரேக்கிங் பேட்ட ரெண்டு வாரத்துல முடிச்சிட்டு மீதி நாலு வாரம் எனக்குதான் போன் பண்ணுவான்.

டெக்ஸ்டர் ஏன் இல்ல, வயர் ஏன் இல்லனு கேப்பீங்க. வயர் ஒரு ஆளோட கதை இல்ல, பால்டிமோர்ங்கற ஊரோட கதை, இப்ப நாம தேடறது அது இல்ல. டெக்ஸ்டர் கொலகாரன்தான், ஆனா கொலகாரங்கள மட்டும்தான் கொல்லுவேன்னு ஒரு விதி வெச்சிருக்கான், அதனால நமக்கு உறுத்தவே உறுத்தாது, நம்ம ஊரு சினிமால ரவுடி ஹீரோவுக்கு தங்கச்சி பிளாஷ்பேக் வெச்சா எப்படி நிம்மதியா விசில் அடிப்போமோ அந்த மாதிரிதான். நாலாவது சீசன் சூப்பர், அதுக்கப்புறம் சொல்ல வாய் வரல. பெட்டர் கால் சால் ரொம்ப நல்லாருக்கும், ஆனா அத பிரேக்கிங் பேடுக்கு அப்புறம்தான் பாக்கணும். ஓசார்க் ஓகே.

சரி மூணுக்கு வருவோம். நடிப்பு, மேக்கிங், அவார்டுனு ஒப்பிட்டு பிரயோஜனம் இல்ல, மூணுலயும் ஹீரோவா நடிச்சவங்க எம்மிங்கற டிவி அவார்டு வாங்கினவங்கதான், பிரேக்கிங் பேட் பிரையன் க்ரான்ஸ்டன் நாலு, சோப்ரானோஸ் ஜேம்ஸ் காண்டால்ஃபினி மூணு, ஷீல்ட் மைக்கேல் சிக்லிஸ் ஒண்ணு. எனக்கு தோணின அளவுகோல் வேற. இந்த மாதிரி சீரிஸ்ல ஒரு அயோக்கியன நாம ரசிக்கறோம், ரசிக்கறதுக்கு மனசுக்குள்ள ஒரு சாக்கு வெச்சிருப்போம், பாவம் அவனுக்கு வியாதி, பாவம் அவங்க அம்மா சரியில்ல, பரவால்ல நல்லதுதான பண்றான், இப்படி. அந்த சாக்க சீரிஸ் நம்ம கையில இருந்து எப்ப புடுங்குது? இந்த ஒரு கேள்விய வெச்சு பாத்தா மூணும் வேற வேற ஜாதினு புரிஞ்சிடும்.

ஷீல்ட் முதல் எபிசோடுலயே புடுங்கிடும். விக் மேக்கி லாஸ் ஏஞ்சலஸ்ல போலீஸ், ஸ்ட்ரைக் டீம்னு ஒரு நாலு பேர் கும்பலுக்கு தலைவன், மொட்டை தல, காள மாடு மாதிரி நடை. தொண்ணூறுகளோட கடைசில அங்க நெஜமாவே ராம்பார்ட் ஏரியா போலீஸ் யூனிட் ஒண்ணு நாறிப்போச்சு, பொய் கேஸ் போடறது, போதை சரக்க அவங்களே அடிக்கறதுனு, அதுல இருந்துதான் ஷான் ரையன் இந்த கதைய எடுத்தாரு. முதல் எபிசோடுல ஒரு சின்ன பொண்ண காணோம், பிடிச்சு வெச்சிருக்கறவன் வாய தெறக்கமாட்டேங்கறான், மத்த ஆபீசர்ஸ் சட்டப்படி பேசி பாத்து தோத்துட்டு கடைசில விக் மேக்கிய உள்ள அனுப்பறாங்க, அவன் டெலிபோன் டைரக்டரிய எடுத்து அடி பின்னிடறான், பொண்ணு கெடச்சிடுது. நாமளும் அடி சக்கனு உக்காந்திருப்போம். அதே எபிசோடோட கடைசில ஒரு போதை வியாபாரி வீட்ல ரெய்டு, டீம்ல புதுசா சேந்த டெர்ரி கூட வர்றான், அவன் விக்க பத்தி மேலிடத்துக்கு தகவல் குடுக்க ஒத்துக்கிட்ட போலீஸ். செத்த வியாபாரியோட துப்பாக்கிய எடுத்து விக் டெர்ரி மூஞ்சிலயே சுட்டுடறான். அவ்ளோதான், முடிஞ்சுது. இவரும் மெயின் கேரக்டர் போலனு நாம அதுவரைக்கும் நம்பிட்டு இருந்த ஆள் அந்த டெர்ரி.

அதுக்கப்புறம் 87 எபிசோடு இருக்கு, ஒண்ணுல கூட எனக்கு தெரியாதுனு நீங்க சொல்ல முடியாது, அவன் கொலகாரன்னு தெரிஞ்சேதான் பாக்கறீங்க. ஆனாலும் அவன் மாட்டிக்குவானோனு உங்களுக்கு பதறும், அதுதான் அந்த சீரிஸோட கொழுப்பு. அஞ்சாவது சீசன்ல ஃபாரஸ்ட் விடேக்கர் வருவாரு, கவனானு ஒரு ஆபீசர், விக்க பிடிக்க வந்தவரு, அவர் பக்கம்தான் நியாயம், ஆனா அந்த மனுசன் சூயிங்கம் மென்னுகிட்டே உள்ள வந்தாலே எனக்கு கடுப்பு ஏறும், போய்த்தொலையேன்டானு இருக்கும். அப்புறம் ராத்திரி படுத்தா, நாம யார் பக்கம் நின்னோம் இன்னிக்குனு கொஞ்சம் அசிங்கமா இருக்கும்.

கொறையும் சொல்லிடறேன். 16 எம்எம் ஃபிலிம்ல கைல கேமரா வெச்சு எடுத்தது, படம் புள்ளி புள்ளியா இருக்கும், கேமரா நிக்கவே நிக்காது. வலி மாத்திரை போட்டுட்டு படுத்திருக்கறவன் பாத்தா தல சுத்தும். மொத ரெண்டு சீசன்ல நடுநடுவுல அந்த வார கேஸ்னு வர்றது சிலது சாதாரணம்தான், சிலது வயித்த கலக்கும், பொண்ணுங்க மேல குழந்தைங்க மேல நடக்கற வன்முறை நெறைய. ஆனா கடைசி ரெண்டு சீசன் மாதிரி கழுத்த பிடிச்சு இறுக்கற சீரிஸ் நான் பாத்ததில்ல, மூணுலயும் முடிவுனு எடுத்தா எனக்கு ஷீல்ட்தான் ஒசத்தி, எப்படினு சொல்லமாட்டேன்னு வாக்கு குடுத்துட்டேன்.

சோப்ரானோஸ் அஞ்சாவது எபிசோடு வரைக்கும் டைம் குடுக்கும். டோனி சோப்ரானோ நியூ ஜெர்சில மாஃபியா கும்பல்ல பெரிய கை, வீட்டு நீச்சல் குளத்துல வந்து குடும்பம் நடத்தின வாத்து எல்லாம் ஒரு நாள் பறந்து போயிடுது, மனுசன் மயங்கி விழுந்துடறான், அதனால ரகசியமா மனநல டாக்டர் கிட்ட போறான். இங்கதான் நம்ம சாக்கு ரெடி ஆகுது. டாக்டர் மெல்ஃபி ரூம்ல உக்காந்து அம்மாவ பத்தி புலம்பறான், அந்த அம்மா லிவியா இருக்காளே, அப்பப்பா, சீரிஸ உருவாக்கின டேவிட் சேஸ் தன்னோட சொந்த அம்மாவ மனசுல வெச்சு எழுதின கேரக்டர் அது, நம்ம தெருவுலயே ரெண்டு வீட்ல அந்த மாதிரி பாட்டி இருப்பாங்க, செத்தா தேவலனு சொல்லிகிட்டே எல்லாரையும் சாகடிப்பாங்க. இப்படி ஒரு அம்மாகிட்ட வளந்தவன் வேற எப்படி இருப்பான்னு நமக்கு தோணிடும்.

அஞ்சாவது எபிசோடு பேரு காலேஜ். பொண்ணு மெடோவுக்கு காலேஜ் சீட் பாக்க டோனி மெய்ன் மாகாணத்துக்கு கார்ல கூட்டிட்டு போறான். அப்பா நீ மாஃபியாவானு கார்லயே அவ நேரா கேட்டுடறா, மழுப்பறான், அப்புறம் கொஞ்சம் ஒத்துக்கறான், ரெண்டு பேருக்கும் நடுவுல அவ்ளோ அழகா ஒரு நெருக்கம் வரும். போற வழில பெட்ரோல் பங்க்ல ஒருத்தன பாக்கறான், பழைய கூட்டாளி, போலீஸ் கிட்ட காட்டிக்குடுத்துட்டு பேர மாத்திக்கிட்டு இந்த சின்ன ஊர்ல டிராவல் ஏஜென்சி வெச்சு பொழைக்கறவன். மறுநாள் பொண்ண காலேஜ் இன்டர்வியூவுக்கு எறக்கி விட்டுட்டு போய் அவன் கழுத்துல வயர போட்டு இறுக்கிடறான். டக்குனு முடியற கொல இல்ல அது. டோனியோட மூச்சு சத்தம், பல்ல கடிக்கறது, வயர் அவன் கையையே அறுத்து ரத்தம் வர்றது, எல்லாத்தையும் பக்கத்துல நின்னு பாக்க வெப்பாங்க. முடிச்சிட்டு நிமிந்து பாக்கறான், மேல வாத்து பறக்குது. திரும்பி வந்து பொண்ண கூட்டிட்டு போறான், ஷூல ஏம்ப்பா சேறுனு அவ கேக்கறா.

ஹீரோ இப்படி கையாலயே கொன்னா ஜனங்க விட்டுட்டு போயிடுவாங்கனு சேனல்காரங்களே அப்ப பயந்தாங்களாம், காட்டிக்குடுத்தவன பாத்தும் இவன் சும்மா வந்தா அதுதான் பொய்யா இருக்கும்னு சேஸ் விடல. ஜனங்க விட்டுட்டு போகல. அந்த எபிசோடுக்கு எழுத்துக்கான எம்மி கெடச்சுது, சேஸ் கூட சேந்து எழுதின ஜேம்ஸ் மேனோஸ்தான் பின்னாடி டெக்ஸ்டர டிவிக்கு கொண்டு வந்தாரு. இந்த மொத்த வகையறாவும் பொறந்தது அந்த மெய்ன் காட்டுலதான்னு நான் சொல்லுவேன்.

ஆனா சோப்ரானோஸ்ல நீங்க எதிர்பாக்கற மாதிரி கதை ஓடாது. அடுத்து என்ன அடுத்து என்னனு இழுக்காது. ஒரு எபிசோடுல பெருசா வெடி வெப்பாங்க, அடுத்ததுல அத பத்தி பேச்சே இருக்காது, டோனி பாத்ரோப்போட ஃபிரிட்ஜ தொறந்து நின்னுகிட்டே எதையாவது தின்னுட்டு இருப்பான். யாருக்கோ கல்யாணம், யாருக்கோ சாவு, சாப்பாடு, சாப்பாடு, திரும்பவும் சாப்பாடு. கபகூல் கபகூல்னு ஏதோ சொல்றாங்களேனு நான் ரொம்ப நாள் முழிச்சேன், அப்புறம் பாத்தா கப்பிகோலாங்கற பன்னிக்கறிதான் அது, நியூ ஜெர்சி இத்தாலிக்காரங்க வார்த்தையோட வாலயெல்லாம் கடிச்சு துப்பிட்டுதான் பேசுவாங்க, நாம வந்துவிட்டார்கள்ங்கறத வந்துட்டாங்கனு சொல்ற மாதிரி. சப்டைட்டில் கண்டிப்பா வேணும். முக்கியமா ஹால்ல அம்மா அப்பா இருக்கறப்ப போடாதீங்க, இவங்களோட ஆபீஸே ஒரு ஸ்ட்ரிப் கிளப்தான், ரிமோட்ட கீழ வைக்கவே முடியாது.

இத நாளைக்கு ஒண்ணுனு பாக்கணும், ஆறு எபிசோடு ஒரே ராத்திரில முழுங்கினா ஒண்ணும் ஒட்டாது. நான் முதல் தடவ 25 வயசுல பாத்து ரெண்டாவது சீசன்ல போர் அடிக்குதுனு விட்டவன். கல்யாணம் ஆகி, அப்பாவுக்கு ஒடம்பு முடியாம போயி, 36 வயசுல திரும்ப போட்டேன், டோனி காலைல பாத்ரோப்போட பேப்பர் எடுக்க வாசலுக்கு நடந்து வர்ற நடைய பாத்தே சிரிப்பும் வந்துச்சு அழுகையும் வந்துச்சு.

இப்ப பிரேக்கிங் பேட். நியூ மெக்சிகோல ஆல்புகர்க்கி, வால்டர் ஒயிட், ஸ்கூல்ல கெமிஸ்ட்ரி வாத்தியார், சாயங்காலம் கார் வாஷ்ல பார்ட் டைம், அங்க ஸ்டூடன்ட் ஒருத்தனோட காருக்கே மண்டி போட்டு டயர் தொடைக்கறான். 50வது பொறந்தநாள் முடிஞ்ச கையோட நுரையீரல் கேன்சர்னு தெரியுது. குடும்பத்துக்கு காசு சேக்கணும்னு பழைய ஸ்டூடன்ட் ஜெஸ்ஸிய சேத்துக்கிட்டு மெத்ங்கற போதை சரக்கு காய்ச்ச எறங்கறான். சாக்குனா இது சாக்கு, குடும்பத்துக்காகனு ஒருத்தன் சொல்லிட்டா நம்மாளுங்க அதுக்கு மேல கேள்வியே கேக்கமாட்டோம்.

மூணாவது எபிசோடுல ஒரு சீன். ஜெஸ்ஸி வீட்டு பேஸ்மென்ட்ல ஒருத்தன கழுத்துல பைக் பூட்டு மாட்டி தூண்ல கட்டி வெச்சிருக்காங்க, அவன விடறதா கொல்றதா? வாத்தியார் என்ன பண்றார்னா பேப்பர எடுத்து ரெண்டு பக்கமா பிரிச்சு எழுதறாரு. விடலாம்ங்கற பக்கம் வரிசையா காரணம், கொலை தப்பு, நீ கொலகாரன் இல்ல, அவன்கிட்ட பேசி புரிய வெக்கலாம், அது இதுனு. கொல்லணும்ங்கற பக்கம் ஒரே ஒரு வரி, விட்டா உன் குடும்பத்தையே கொன்னுடுவான். அவனுக்கு ஓரம் வெட்டின சாண்ட்விச் எல்லாம் செஞ்சு குடுத்து, பீர் குடிச்சு, கத பேசி, சரி விட்டுடலாம்னு சாவி எடுக்க மேல வர்றாரு. அப்பதான் தோணுது. முன்னாடி ஒடஞ்ச தட்டோட துண்டெல்லாம் குப்பைல இருந்து பொறுக்கி ஒண்ணு ஒண்ணா சேத்து வெச்சு பாக்கறாரு, ஒரு துண்டு கொறையுது, கத்தி மாதிரி கூரா இருக்கற துண்டு. கிச்சன்ல ஒரு மனுசன் தட்டு ஒட்டி பாக்கறத பாத்து நான் நகத்த கடிச்ச அளவுக்கு வேற எந்த சண்டை சீனுக்கும் கடிச்சதில்ல.

கடைசில வால்டர் அவன கொன்னுடறாரு, அந்த கொலைக்கு நாம மன்னிப்பு குடுத்துடுவோம், வேற வழி இல்லாம பண்ணிட்டாருனு. இப்ப அஞ்சாவது எபிசோடு, தற்செயலா இங்கயும் அஞ்சாவதுதான். பழைய பார்ட்னர் எலியட்டோட பொறந்தநாள் பார்ட்டி, அவன் இப்ப கோடீஸ்வரன், வால்டர் ஒரு நூடுல்ஸ் பாக்கெட்ட கிஃப்ட் பேப்பர்ல சுத்தி குடுக்கறாரு, படிக்கறப்ப ரெண்டு பேரும் அத தின்னுதான் உயிர் வாழ்ந்தாங்க. எலியட் சந்தோசமா சிரிக்கறான், நெஜமாவே பாசமா இருக்கான். வேலைக்கு வாடா, நம்ம கம்பெனி இன்சூரன்ஸ் நல்லாருக்குங்கறான், அப்புறம் அவன் பொண்டாட்டி க்ரெட்சென் போன் பண்ணி வைத்திய செலவ ஏத்துக்கறோம்ங்கறா. வால்டர் வேணாம்னுட்டு நேரா ஜெஸ்ஸி வீட்டு வாசல்ல போய் நிக்கறாரு, காய்ச்சலாமானு.

கவனிங்க, குடும்பத்துக்காகங்கற சாக்கு அங்கயே செத்துப்போச்சு. வைத்தியத்துக்கு வழி கெடச்சுது, சம்பளத்துக்கும் வழி கெடச்சுது, அதுக்கப்புறமும் மெத் காய்ச்சறான்னா அது திமிரு. ஆனா ஷீல்டும் சோப்ரானோஸும் சாக்க புடுங்கினதும் செவுள்ல அறைஞ்ச மாதிரி நமக்கு தெரியும், இதுல பாக்கெட்ல இருந்து காச அடிச்ச மாதிரி, போனதே தெரியாது. இன்னும் 57 எபிசோடு இல்லாத சாக்க வெச்சுகிட்டே வால்டருக்கு கை தட்டுவோம். அவன் பொண்டாட்டி ஸ்கைலர் கேக்கறது எல்லாமே நியாயமான கேள்வி, ஆனா ஒலகமே அவள திட்டுச்சு, நடிச்ச அன்னா கன் 2013 ஆகஸ்ட்ல நியூயார்க் டைம்ஸ்ல இத பத்தி ஒரு கட்டுரையே எழுத வேண்டியதாயிடுச்சு. நானும் திட்டினவன்தான், சொல்ல வெக்கமாதான் இருக்கு.

முதல் சீசன் ஏழே எபிசோடு, எழுத்தாளர் ஸ்ட்ரைக்கால கொறஞ்சு போச்சு. அதுல அங்கங்க கொஞ்சம் மெதுவாதான் போகும், ரெண்டாவது சீசன் ஆரம்பம் வரைக்கும் பல்ல கடிச்சுக்கணும், அதுக்கப்புறம் நீங்க நிறுத்தணும்னாலும் முடியாது. மூணாவது சீசன்ல ஒரு ஈய அடிக்கறதே முழு எபிசோடு, பட்ஜெட் மிச்சம் பண்ண எடுத்தது, பாதி பேருக்கு பிடிக்காது, எனக்கு பிடிக்கும். குடும்பத்தோட பாக்கலாமானா, ஆபாசம் கம்மி, ஆனா போதை, ரத்தம், ஆசிட்ல கரைக்கறது எல்லாம் இருக்கு, சாப்பிடறப்ப வேணாம்.

இதனாலதான் முதல்ல பிரேக்கிங் பேட்னு சொல்றேன். மூணுல ஒசத்தி அதுதாங்கறதுக்காக இல்ல, வாழ்க்கைக்கு ஒண்ணே ஒண்ணுதான்னா நான் சோப்ரானோஸ எடுப்பேன், யோசிக்கவே மாட்டேன். ஆனா ஏமாத்தற வேலைல பிரேக்கிங் பேட்தான் கில்லாடி, அந்த ஏமாத்து ஒருத்தர்கிட்ட ஒரு தடவதான் செல்லும். ஷீல்ட் பாத்துட்டு வந்தவன் வால்டர மொத நாளே சந்தேகப்படுவான், டோனிய பாத்து பழகினவனுக்கு அந்த குடும்பத்துக்காகங்கற வசனம் காதுல விழுந்ததும் சிரிப்பு வந்துடும், ஏமாறாம பாத்தா அதுல பாதி ருசி போச்சு. இந்தப்பக்கம் பிரேக்கிங் பேட் பாத்து ஏமாந்துட்டு ஷீல்டுக்கு போனா ஒண்ணும் நஷ்டம் இல்ல, இன்னும் நல்லா ஒறைக்கும். சோப்ரானோஸுக்கு அவசரமே இல்ல, முப்பத்தஞ்சு தாண்டட்டும்.

ஏற்கனவே பிரேக்கிங் பேட் பாத்தவங்க, வேகம் வேணும்னா ஷீல்ட், வீட்ல தனியா ஒரு ரூமும் பொறுமையும் இருந்தா சோப்ரானோஸ். எது எந்த ஆப்ல இருக்குனு நீங்களே தேடிக்கோங்க, அது அப்பப்ப எடம் மாறிகிட்டே இருக்கு.

தம்பிகிட்ட இவ்ளோவும் சொல்லல, பிரேக்கிங் பேட் போடுடானு மட்டும் சொன்னேன். நாலாவது நாள் ராத்திரி ஒரு மணிக்கு வாட்ஸப்ல வாய்ஸ் நோட். "ண்ணா, அஞ்சாவது எபிசோடு முடிச்சேன். அந்த எலியட் என்னண்ணா பெரிய இவனா, பிச்ச போடறானா, வால்டர் பண்ணதுதாண்ணா கரெக்ட்டு."

அப்படியாடானு அனுப்பிட்டு போன கவுத்து வெச்சிட்டு படுத்துட்டேன்.